பூட்டிய ஆய்வகத்தில் கணினி பிழைக்காது: தலைமை ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும், கணினி ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

செய்முறைத் தேர்வு முடிந்த கையோடு கணினி ஆய்வகத்துக்குப் பூட்டு விழுகிறது. மெயின் ஸ்விட்சை இறக்கி, மானிட்டருக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை மாட்டி, சாவியை பீரோவுக்குள் வைத்துவிடுகிறோம். ஜூனில் பள்ளி திறந்தாலும் ஆய்வகம் திறக்க இன்னும் சில வாரம் ஆகும். அன்றைக்குச் சில கணினிகள் எழுந்திருக்காது. யுபிஎஸ் எல்லாம் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். "பழசாகிவிட்டது, புதிதாகக் கேட்டு எழுதுவோம்" என்ற முடிவுக்கு வருகிறோம்.

இப்படிப் படுத்துவிடும் கணினிகளில் பலவற்றைக் கெடுத்தது வயது அல்ல, பூட்டு. அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் கணினிகளைப் பழுது பார்க்கும் எங்களுக்கு இதைச் சொல்லும் கடமை இருக்கிறது. "பத்திரமாக இருக்கட்டும்" என்று பூட்டிவைக்கும் அறைக்குள் என்ன நடக்கிறது, அதைத் தடுக்க என்ன செய்யலாம் என்பதை இங்கே எழுதியிருக்கிறோம். செலவு அதிகம் பிடிக்கும் யோசனை எதுவும் இதில் இல்லை.

முதலில் யுபிஎஸ். மேசைக்கடியில் இருக்கும் 600 விஏ பெட்டிக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி அளவுள்ள சீல் செய்த பேட்டரி ஒன்று உண்டு. விடுமுறைக்கு முந்தைய நாள் அவசரத்தில் யுபிஎஸ்ஸை அணைக்காமல் மெயின் ஸ்விட்சை மட்டும் இறக்கிவிடுவார்கள். மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து யுபிஎஸ் பேட்டரியிலிருந்து ஓடும். கணினி அணைந்திருந்தாலும் தன் உள்சுற்றுக்காகவே இழுத்துக்கொண்டிருக்கும். கடைசியில் 10.5 வோல்ட் அளவுக்கு இறங்கியதும் தானாக நின்றுவிடும். அந்தக் காலி வயிற்றோடு பேட்டரி இரண்டு மாதம் வெயிலில் கிடக்கும். ஈயத் தகடுகளில் சல்பேட் படிகம் இறுகிவிடும். ஜூலையில் எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் அது திரும்பாது. புது பேட்டரியானாலும் இதே கதிதான்.

ஆகவே அணைக்கும் வரிசை முக்கியம்: கணினி, அடுத்து யுபிஎஸ், கடைசியாக மெயின். விடுமுறைக்கு முன் எட்டு முதல் பத்து மணி நேரம் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்துவிட்டால் ஜூன் வரை தாங்கும். சார்ஜரை விலக்கிச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் (மின்னழுத்தம் அளக்கும் கருவி) பார்த்தால் நல்ல பேட்டரி 12.8 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12.4-க்குக் கீழே இறங்கியிருந்தால் உடனே சார்ஜுக்குப் போட வேண்டும். வெப்பம் இதற்கு முதல் எதிரி. சராசரி வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வகை பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மேற்குச் சுவரை ஒட்டி, மேல் தளத்து அறையில் இருக்கும் யுபிஎஸ் ஏன் சீக்கிரம் போகிறது என்பதற்கு இதுவே விடை.

ஆய்வகம் முழுவதற்கும் ஒரே பெரிய ஆன்லைன் யுபிஎஸ் வைத்திருக்கும் பள்ளிகளுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். 12 வோல்ட் பேட்டரி 16 இருந்தால் மொத்தம் 192 வோல்ட் டிசி. மெயினை இறக்கினாலும் அது அப்படியே உயிரோடு இருக்கும். அந்த அடுக்கை ஆசிரியரோ மாணவரோ தொடவே கூடாது. பயிற்சி பெற்றவரை வரவழையுங்கள்.

அடுத்தது மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி. சிஆர் 2032 என்று அதன் முதுகிலேயே எழுதியிருக்கும். 20 மில்லிமீட்டர் விட்டம், 3 வோல்ட், விலை ஐம்பது ரூபாய்க்குள். சுவரில் ஸ்விட்ச் போட்டிருக்கும்வரை கணினியின் கடிகாரம் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி) தரும் காத்திருப்பு மின்சாரத்தில் ஓடும், இந்தப் பேட்டரிக்கு வேலை இல்லை. மெயினை இறக்கிய நொடியிலிருந்து முழுச் சுமையும் இதன் தலையில். அதனால்தான் மாதக்கணக்கில் பூட்டும் ஆய்வகங்களில் இது சீக்கிரம் தீர்கிறது. தீர்ந்ததும் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்புகள் அழிந்து, எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் கணினி கறுப்புத் திரையில் நிற்கும். தப்பித்தவறி விண்டோஸ் திறந்தாலும் இணையதளங்கள் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று கதவடைக்கும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும், அவ்வளவுதான். இதற்காக இணைய நிறுவனத்துக்குப் புகார் கொடுத்துக் காத்திருக்கும் பள்ளிகள் உண்டு. வலது மூலையில் இருக்கும் தேதியை முதலில் பாருங்கள். மல்டிமீட்டரில் 2.8 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் பேட்டரியை மாற்றிவிடுங்கள். எழுத்துள்ள பக்கம் மேலே பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஆளில்லாத அறையில் குடியேறும் உயிர்கள். கணினிப் பெட்டியின் பின்பக்கம் கார்டு கழற்றிய இடத்தில் தகடு இல்லாமல் திறந்து கிடக்கும் ஒரு நீள்சதுர ஓட்டை போதும், பல்லி உள்ளே போய்விடும். மின்சாரம் பாயும் இரண்டு முனைகளுக்கிடையே அது பாலமாகப் படுத்தால் பல்லியும் போகும், போர்டும் போகும். எலி கேபிளைக் கடிப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதன் சிறுநீர் போர்டின் செம்புத் தடங்களை அரித்துத் தின்பது பலருக்குத் தெரியாது. அந்த ஓட்டைகளை உலோகத் தகட்டால் மூடுங்கள். காற்று போகும் கம்பிவலைத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். கேபிள் சுவருக்குள் நுழையும் துவாரத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசுங்கள். பிளாஸ்டிக் உறைக்குப் பதில் பருத்தித் துணி நல்லது. பிளாஸ்டிக் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். நாகப்பட்டினம், இராமநாதபுரம், தூத்துக்குடி போன்ற கடலோரப் பள்ளிகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் ரேம் எனும் நினைவகப் பலகையின் தங்க முலாம் பூசிய பற்களில்கூடப் படலம் படியும்.

இவை மூன்றையும் பெரிதாகும் முன் பிடிக்க எளிய வழி, மாதம் ஒருநாள் திறப்பது. ஏப்ரலில் ஒருநாள், மே மாதம் ஒருநாள். காலையில் கழற்றிவைத்த பேட்டரி முனையை மாட்டி, யுபிஎஸ்ஸைச் சார்ஜில் போட்டு, எல்லாக் கணினிகளையும் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைச் சுழலவிட்டு, மாலையில் வரிசைப்படி அணைத்து, முனையை மறுபடி கழற்றிவிட்டுப் பூட்டுங்கள். கணினி ஓடும்போது எழும் வெப்பமே உள்ளே இருக்கும் ஈரத்தை விரட்டிவிடும்.

இனி எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு. பள்ளி ஆய்வகங்களில் நாங்கள் பார்க்கும் குறைகளில் இதுதான் பெரியது. கணினி கெடுவதோடு நிற்காமல் பிள்ளைகள் மேலும் கை வைக்கும் குறை இது.

கணினிப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஒரு கூச்சம் தெரிகிறதா? "லேசாகத்தான் அடிக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில், மின் இரைச்சலை வடிகட்ட, பேஸிலிருந்து (மின்சாரம் வரும் ஒயர்) ஒன்றும் நியூட்ரலிலிருந்து (அது திரும்பும் ஒயர்) ஒன்றுமாக இரண்டு சிறு மின்தேக்கிகள் பெட்டியோடு இணைந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் கசிவு மண்ணுக்குள் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் பெட்டி பாதி மின்னழுத்தத்தில், ஏறத்தாழ 115 வோல்ட்டில், மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் கூச்சத்தோடு நிற்கிறது. ஆனால் அதே நாளில் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பேஸ் ஒயர் பெட்டியில் உரசினால் காப்பாற்ற எதுவும் இல்லை. தூசு வரக்கூடாதென்று செருப்பை வாசலில் கழற்றச் சொல்வது நம் ஆய்வகங்களின் வழக்கம். எர்த் இல்லாத அறையில் அந்த வழக்கம் பிள்ளைகளை வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நிறுத்துகிறது. எர்த்தைச் சரிசெய்யும்வரை செருப்போடு உள்ளே விடுங்கள். தூசைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம்.

சோதிப்பது எளிது. மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட் அளவில் வைத்து ஒவ்வொரு சாக்கெட்டிலும் மூன்று அளவுகள் எடுக்க வேண்டும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே அளவு வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. மூன்றாவது அளவு முப்பது, அறுபது என்று அலைந்தால் எர்த் எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

இதில் ஒரு தில்லுமுல்லும் உண்டு. எர்த் குழி தோண்டச் சோம்பல்பட்டு, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள் சிலர். மீட்டர் அழகாகப் பூச்சியம் காட்டும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் அந்த வரிசையில் இருக்கும் எல்லாக் கணினிப் பெட்டிகளிலும் முழு 230 வோல்ட் ஏறி நிற்கும். ஆய்வகம் முழுச் சுமையில் ஓடும்போதும் மூன்றாவது அளவு அசையாமல் பூச்சியத்திலேயே இருந்தால் சந்தேகப்படுங்கள். மெயினை இறக்கிவிட்டு ஒரு சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டிஜிட்டல் மீட்டர் ஒன்றையே நம்பவும் கூடாது. துருப்பிடித்த எர்த் கம்பிகூட மீட்டருக்குச் சரியான அளவைக் காட்டிவிடும். மின்பணியாளர் 100 வாட் குண்டு பல்பைப் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே பிடித்துப் பார்க்க வேண்டும். பல்பு முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கசிவுத் தடுப்பான் பொருத்திய இடத்தில் அது உடனே விழுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். அங்கே விழுவதுதான் நல்ல அறிகுறி. இந்தச் சோதனையை மின்பணி தெரிந்தவர் மட்டுமே செய்ய வேண்டும். மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள். அவர்களிலோ அவர்கள் தெருவிலோ ஒரு மின்பணியாளர் இல்லாமலா போவார்?

கசிவுத் தடுப்பான் "காரணமே இல்லாமல் விழுகிறது" என்ற புகாரும் வரும். காரணம் இருக்கிறது. ஒவ்வொரு கணினியும் ஒரு மில்லி ஆம்பியர் வரை இயல்பாகவே கசியவிடலாம். 30 மில்லி ஆம்பியர் தடுப்பான் 15-ஐத் தாண்டியதிலிருந்தே விழக்கூடும். இருபது கணினிகளை ஒரே தடுப்பானில் மாட்டினால் விழாமல் என்ன செய்யும்? தடுப்பானைக் கழற்றி எறிந்து நேரடியாக இணைப்பதைத் தீர்வு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏழெட்டுக் கணினிக்கு ஒரு தடுப்பான் என்று பிரியுங்கள். ஸ்பைக் பஸ்டரின் வாலில் இன்னொரு ஸ்பைக் பஸ்டர் மாட்டும் ரயில்வண்டியையும் அப்போதே ஒழித்துவிடலாம். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்ட வேண்டாம். தாளைச் சுடவைக்கும் உருளை ஒவ்வொரு முறை சூடேறும்போதும் பல நூறு வாட் இழுக்கும். 600 விஏ யுபிஎஸ் தருவதே 360 வாட் அளவுதான்.

பள்ளி திறக்கும் வாரத்துக்கு வருவோம். முதல் நாள் கணினி எதையும் போடாதீர்கள். ஜன்னலைத் திறந்து, பெருக்கி, மின்விசிறியை ஓடவிட்டு அறையை உலரவிடுங்கள். மறுநாள் சாக்கெட் அளவுகள், பிறகு யுபிஎஸ் பேட்டரி, அதன் பிறகு ஒவ்வொரு கணினியாக. உத்தரவாதக் காலம் முடியாத கணினியின் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். புகார் கொடுத்து, புகார் எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.

"டிஸ்ப்ளே வரவில்லை" என்பதுதான் அதிகம் கேட்கும் முறையீடு. மானிட்டர் கேபிளைப் பார்த்துவிட்டீர்களா? சரி, பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், தேங்கிய மின்சாரம் இறங்கட்டும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பெட்டியின் வெற்று உலோகத்தை ஒருமுறை தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தைக் கழித்துவிட்டு, ரேமின் இருபுறக் கொக்கியையும் விலக்கி வெளியே எடுங்கள். அதன் பற்களை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். பென்சில் ரப்பர் போடுவது ஊர் வழக்கம். மென்மையான வெள்ளை ரப்பரால் இரண்டு இழுப்பு போதும். மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் முலாமையே உரித்துவிடும். ரப்பர்த் தூள் பள்ளத்துக்குள் விழாமல் தூரிகையால் தட்டிவிடுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள், "டக்" என்று கொக்கி தானாகப் பூட்ட வேண்டும். கோடை முடிந்து எழாத கணினிகளில் கணிசமானவை இந்த இடத்திலேயே எழுந்துவிடும்.

எழவில்லையென்றால் எஸ்எம்பிஎஸ். 24 முனை இணைப்பியில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் கம்பியால் இணைத்து, விசிறி சுற்றினால் "நல்லாயிருக்கு" என்று முடிவு கட்டுவார்கள். அது அரைச் சோதனை. சுமை ஏறும்போது அழுத்தம் தாங்குகிறதா என்பதே கேள்வி. 12 வோல்ட் தடம் 11.4-க்கும் 12.6-க்கும் இடையே, 5 வோல்ட் தடம் 4.75-க்கும் 5.25-க்கும் இடையே நிற்க வேண்டும். நன்றாக ஓடும் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. சிறிய அளவு பிராண்டட் கணினிகளில் இணைப்பியே வேறுமாதிரி இருக்கும், அவற்றில் கம்பிச் சோதனை வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கக்கூடும். வெளியிலிருந்தே காற்றடித்தால் போதும்.

தூசு எடுப்பது ஆண்டுக்கு இரண்டு முறை, அறைக்கு வெளியே, தாழ்வாரத்தில். ப்ளோயரும் ஓர் அங்குலப் பெயின்ட் தூரிகையும் தேவை. காற்றடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் வெறியோடு சுற்றவிட்டால் பேரிங் தேயும். சிபியு (போர்டில் உள்ள முதன்மைச் சில்லு, பெட்டி அல்ல) வெப்பம் வேலையின்போது 80 டிகிரிக்குமேல் நின்றால், அதன் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பழையதை ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதியது ஒரு பொட்டு. அதற்குமேல் வைத்தால் பலன் கூடாது, பிதுங்கி வழியும். நான்கு பிளாஸ்டிக் ஆணி கொண்ட விசிறியை எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். போர்டைத் திருப்பி நான்கு ஆணியின் நுனியும் முழுதாக வெளியே வந்து விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று பூட்டாமல் போனாலும் சிபியு நூறு டிகிரியைத் தொட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். "கம்ப்யூட்டர் ஸ்லோ" என்று பெயர் வாங்குவது இப்படியும்தான்.

உண்மையிலேயே மெதுவாக இருப்பவற்றுக்கு மருந்து பெரும்பாலும் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, 4 ஜிபி ரேமை 8 ஆக்குவது. இந்த இரண்டையும் செய்தபின் "இது அதே கணினியா" என்று கேட்பீர்கள். டிடிஆர் 3, டிடிஆர் 4 என்ற இரண்டு ரேம் வகைகளின் வெட்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கும், பழைய ரேமைக் கடைக்கு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குங்கள். டிஸ்க்கைத் தள்ளிவிடும் முன், தன் நலத்தை அதுவே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையையும் படியுங்கள். 5, 197 எண்களில் மதிப்பு ஏறிக்கொண்டிருந்தால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. 199 மட்டும் ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான். கேபிள் மாற்றினால் தீரும் குறைக்கு டிஸ்க் மாற்றாதீர்கள்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சிபியு முதல் வேண்டும். அதற்கு முந்தைய கணினிகளை உடனே கழிவில் தள்ள வேண்டியதில்லை. லினக்ஸ் நிறுவினால் பைதான், சி++, அலுவலக மென்பொருள், தமிழ்99 தட்டச்சு எல்லாம் தாராளமாக ஓடும்.

நெட்வொர்க் கேபிளில் ஒரே ஒரு குறிப்பு. ஆர்ஜே 45 முனையில் ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்ற வரிசையை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வையுங்கள். இணைப்பு 1 ஜிகாபிட்டுக்குப் பதில் 100 மெகாபிட்டில் நின்றால் நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ எங்கோ அறுந்திருக்கிறது.

ஆயுத பூஜையன்று குங்குமப் பொட்டு வையுங்கள், வேண்டாமென்று சொல்ல நாங்கள் யார்? மேசையின் மரத்தில் வையுங்கள். காற்றுத் துளைமேல் குங்குமமும், மானிட்டர் விளிம்பில் ஈரச் சந்தனமும் வேண்டாம். பொரியை எலிக்கு விட்டுவைக்காமல் அன்றே கூட்டிவிடுங்கள்.

ஒரு மரப்பெட்டி வாங்கி ஆய்வகத்திலேயே வையுங்கள். அதில் மல்டிமீட்டர், நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், தூரிகை, ஆல்கஹால், தெர்மல் பேஸ்ட் ஒரு குழல், சிஆர் 2032 ஐந்து, சாட்டா கேபிள் இரண்டு, சோதித்த எஸ்எம்பிஎஸ் ஒன்று, ரேம் ஒன்று, கீபோர்டும் மவுஸும் மும்மூன்று, ஆர்ஜே 45 முனைகள் இருபது, கிரிம்பிங் கருவி. கூடவே ஒரு நோட்டு. கணினி எண், பார்த்த குறை, மாற்றிய பொருள், தேதி. ஒவ்வொரு பேட்டரியின் மேலும் போட்ட மாதத்தை மார்க்கரால் எழுதுங்கள். "போன வருஷம்தானே மாற்றினோம்" என்ற வாக்குவாதம் அதோடு தீரும்.

செத்த பேட்டரியையும் கழித்த கணினிப் பாகங்களையும் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளும், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளும் அதற்கு இடம் தரவில்லை. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழிவுக்கு அனுப்பும் முன் மாணவர் விவரங்களை முழுதாக அழித்துவிடுங்கள்.

இவற்றில் எதைச் செய்ய முடியாவிட்டாலும் ஒன்றை மட்டும் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதுங்கள்: வரும் ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஆய்வகத்தைத் திறக்கும் தேதி எது, அன்று வரப்போகும் இருவர் யார், சாவி எவரிடம் இருக்கும்.

இப்படிக்கு,
பள்ளிக் கணினிகளைப் பழுது பார்ப்போர் சிலர்